ஒற்றைப்படைப் புள்ளிகள்

மாலை நான்கு மணிக்குள் அந்த நர்ஸ் பொய்க்காரி இல்லை என்று நாங்கள் நிரூபித்தாக வேண்டும். அவர் எங்கள் அலுவலக நாற்காலியில் வந்து உட்கார்ந்தபோது மணி பத்தரை.

நாங்கள் என்றால் அண்ணியும் நானும். வாசல் பலகையில் 'தனியார் துப்பறிவாளர்' என்று இருப்பது அண்ணி. பலகையில் இல்லாதது நான். அண்ணன் பெண்டாட்டியிடம் நாத்தனார் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறாள் என்றால் எங்கள் உறவுக்காரர்களுக்கு இன்றுவரை நம்பிக்கை வரவில்லை. இருவரும் இன்னும் ஒருவர் தலைமயிரை ஒருவர் பிடிக்கவில்லை என்பதில் அவர்களுக்கு வருத்தம்கூட உண்டு. ஓயாமல் பேசுவதால் வீட்டில் எனக்கு 'ரேடியோ' என்று பெயர். அண்ணி அந்தப் பெயரைச் சொல்கிறாள் என்றால் நான் வாயை மூட வேண்டும் என்று அர்த்தம்.

நர்ஸுக்கு ஐம்பது வயது இருக்கும். மடியில் ஒரு உலோகப் பெட்டி வைத்திருந்தார். அதை மேஜையில் வைக்கச் சொன்னால் கேட்கவில்லை.

"ராத்திரி ஷிப்ட் பார்க்கறவங்களுக்கு ரத்த அழுத்தம் ஏறுதான்னு ஒரு ஆராய்ச்சி மேடம். மூணு துணி ஆலை, மூணு சென்டர், சென்டருக்கு ஒரு நர்ஸ். நான் ரெண்டாவது சென்டர். ரெண்டு வருஷமா பார்க்கறேன். கையில பட்டையக் கட்டி, நம்பரப் பார்த்து, அங்கயே கம்ப்யூட்டர்ல அடிச்சிடுவேன். அது நேரா ஆராய்ச்சி நிலையத்துக்குப் போயிடும்."

"அப்புறம்?"

"மூணு சென்டர் கணக்கையும் சேர்த்துப் பொதுவுல போட்டாங்க. புதுசா வர்றதும் வாராவாரம் அதுல சேர்ந்துடும். உலகத்துல யார் வேணா எடுத்து ஆராய்ச்சி பண்ணிக்கலாம்னு. போன மாசம் எங்கேயோ ஒரு மாணவன் அதை எடுத்துப் பார்த்துட்டு, ரெண்டாவது சென்டர் மட்டும் ஏன் விநோதமா இருக்குன்னு கடிதம் போட்டுட்டான். உடனே நிலையத்துல ஒரு படம் போட்டாங்க. அந்தப் படம் என்னைக் குழில தள்ளிடுச்சு."

பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தார். அதில் மூன்று கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பூஜ்யம் முதல் ஒன்பது வரை பத்துத் தூண்களுக்கு இடம் இருந்தது. போன ஒரு வருஷத்து அளவுகளின் கடைசி இலக்கம் எது என்று எண்ணி வரைந்த படம் அது. நூற்று இருபத்தெட்டு என்றால் எட்டில் ஒன்று கூடும், நூற்று முப்பத்தைந்து என்றால் ஐந்தில் கூடும். முதல் மையத்திலும் மூன்றாவது மையத்திலும் பத்துத் தூண்களும் வெட்டிவிட்ட வேலி போல ஒரே உயரம். நர்ஸின் மையத்தில் ஐந்தே தூண்கள். பூஜ்யம் எல்லாவற்றுக்கும் மேலே முட்டிக்கொண்டு நிற்க, இரண்டு, நான்கு, ஆறு, எட்டு பின்னால் நின்றன. ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது இருக்க வேண்டிய இடங்கள் காலி.

"மனுஷ உடம்பு இரட்டைப்படையா பார்த்து அழுத்தம் காட்டாது, இது உட்கார்ந்த இடத்துல இட்டுக்கட்டின நம்பர்ங்கறாங்க," என்றார் நர்ஸ். "நாலு மணிக்கு விசாரணை. நர்ஸ் பட்டியல்லேர்ந்தே பேரை எடுத்துடுவாங்க. இருபத்தாறு வருஷம் மேடம். என்னோட ஒவ்வொரு நம்பருக்கும் பின்னாடி ஒரு கை இருக்கு. அந்தக் கையில நான் பட்டை கட்டியிருக்கேன்."

அண்ணி தாளின் அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பிறந்ததிலிருந்து பார்த்து வருகிற கையெழுத்து அது.

"ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன்," என்றாள் அண்ணி. "இந்தப் படத்தப் போட்ட புள்ளியியல் நிபுணர் என் வீட்டுக்காரர். இவ அவரோட தங்கச்சி. வேற ஆளப் பார்க்கணும்னா இப்பவே பார்த்துக்கலாம்."

நர்ஸ் மடியில் இருந்த பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "அந்த சாரா? அவர் தங்கமான மனுஷன். மாசாமாசம் போன் பண்ணி, உங்க வேலைதான் சுத்தமா இருக்குன்னு சொல்வார். அவரே தப்புன்னு சொல்லிட்டா அப்புறம் என்னை யாரு நம்புவா? நீங்களே பாருங்க மேடம்."

அண்ணி போனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"என்னங்க, ஒரு சந்தேகம். ரெண்டாவது சென்டர்ல வேற மாதிரி மெஷின் இருந்திருக்கலாம் இல்லையா?"

அண்ணன் சிரித்தான். "அந்தம்மா உன்கிட்ட வந்துட்டாங்களா? பாவம். இல்லப்பா, மூணு சென்டருக்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், பாதரசக் கருவி. அறிக்கையிலயே எழுதியிருக்கேன். அந்தச் சாக்கு செல்லாது."

"மத்த ரெண்டு சென்டர்லயும் அதேதானா?"

"அச்சு அசலா அதேதான். சரி, சாப்பிட்டாச்சா? எண்ணெய்ப் பண்டம் எதுவும் வாய்ல வெக்காத."

போன வருஷம் அண்ணிக்கு வயிற்றில் பெரிய ஆபரேஷன். அதிலிருந்து அண்ணன் அவள் சாப்பாட்டுக்குக் காவல்காரன்.

போனை வைத்துவிட்டு அண்ணி நர்ஸின் மடியைப் பார்த்தாள். "பெட்டியில அந்தக் கருவியா?"

"ஆமா மேடம். இதையும் பிடுங்கிட்டா என்ன பண்றதுன்னு கையோட எடுத்துட்டு வந்துட்டேன்."

"இவளுக்கு ஒரு தடவை பாருங்க."

"எனக்கெதுக்கு? நான் நல்லாத்தான் இருக்கேன், எனக்குப் பக்கத்துல இருக்கறவங்களுக்குத்தான் பிரஷர் ஏறும்," என்றேன். அதற்குள் என் கையில் பட்டை ஏறிவிட்டது. நர்ஸ் காற்றை அடித்தார். கண்ணாடிக் குழாயில் பாதரசம் விறுவிறுவென்று மேலே போய், பிறகு மெதுவாக இறங்கியது.

"நூத்தி முப்பது," என்றார்.

"ரேடியோ, குழாயில நூத்தி முப்பத்தொண்ணு எங்க இருக்குன்னு காட்டு," என்றாள் அண்ணி.

மூக்குக் குழாயில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து தேடினேன். நூற்று முப்பதுக்கு ஒரு கோடு இருந்தது. அதற்கு அடுத்த கோடு நூற்று முப்பத்திரண்டு. நடுவில் ஒன்றும் இல்லை. கீழே பார்த்தேன், மேலே பார்த்தேன். குழாய் முழுக்க இரண்டிரண்டாகத்தான் கோடு போட்டிருந்தது.

"இதுல ஒற்றைப்படையே கிடையாதே அண்ணி."

"கிடையாதும்மா," என்றார் நர்ஸ். "பக்கத்துல எந்தக் கோடு இருக்கோ அதத்தான் எழுதுவோம். அவசரத்துல கொஞ்சம் பூஜ்யத்துப் பக்கம் சாயும். எல்லா நர்ஸும் அப்படித்தான். இது தெரியாதா அவங்களுக்கு?"

"பட்டை கட்டினவங்களுக்குத் தெரியும். நாற்காலியில உட்கார்ந்து கணக்குப் போடறவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அண்ணி.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆக, அசிங்கமாக இருந்த படம்தான் அசல். வேலி போல அழகாக இருந்த இரண்டும், இல்லாத கோட்டில் நின்ற எண்கள். அண்ணனைச் சாயங்காலம் வீட்டில் வைத்து ஓட்டுவதற்கு ஒரு வாரத்துக்குப் போதுமான சரக்கு கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

"இது போதுமே. இப்பவே போய்க் கருவியக் காட்டிட்டு வந்துடலாமே."

"போதாது. அந்த ரெண்டு சென்டர்லயும் மெஷினை மாத்திட்டாங்கன்னு ஒரு வார்த்தையில முடிச்சிடுவாங்க. அங்க என்ன இருக்குன்னு கண்ணால பார்க்கணும். கெளம்பு."

நர்ஸை மூன்று மணிக்கு ஆராய்ச்சி நிலையத்துக்கு வரச் சொல்லிவிட்டு நாங்கள் பஸ் ஏறினோம்.

முதல் மையம் இருந்த ஆலை ஊருக்கு வெளியே முக்கால் மணி நேரம். வாசல் காவலர் வருகைப் பதிவேட்டை எங்கள் பக்கம் திருப்பிவிட்டு, "யாரப் பார்க்கணும்?" என்றார்.

"பிரஷர் பார்க்கற நர்ஸை."

அவர் என்னையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்தப் பொண்ணு வந்த மூணாவது மாசமே கல்யாணம் பண்ணிட்டு வெளிநாட்டுக்குப் போயிடுச்சே. ஆச்சு, ரெண்டு வருஷம் ஆகப்போகுது."

"அதுக்கப்புறம் யாரும் வரலியா?"

"வரேன்னாங்க. யாரும் வரல. வாங்க, ரூமைக் காட்டறேன்."

அறைக்கதவைப் பாதிதான் திறக்க முடிந்தது. உள்ளே கூரை வரைக்கும் காலி நூல் கண்டுகள் அடைத்த அட்டைப் பெட்டிகள். ஜன்னல் விளிம்பில் நர்ஸ் வைத்திருந்த அதே மாதிரி உலோகப் பெட்டி ஒன்று கிடந்தது. திறந்தால் குழாய் உடைந்து பாதரசம் எப்போதோ போயிருந்தது. அதிலும் இரண்டிரண்டாகத்தான் கோடு.

நான் மடிக்கணினியைப் பெட்டிகளின் மேல் வைத்து, பொதுவில் போட்டிருந்த அந்தக் கணக்கைத் திறந்தேன். "அண்ணி, போன வியாழக்கிழமை இந்த ரூம்ல பன்னெண்டு பேருக்குப் பிரஷர் பார்த்திருக்காங்க."

"யாருக்குப் பார்த்தாங்களாம்?" என்றார் காவலர்.

"நூல் கண்டுக்குத்தான் சார். ஒண்ணுக்கு நூத்தி முப்பத்தேழு. உப்பைக் குறைக்கச் சொல்லுங்க."

மூன்றாவது ஆலைக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்து ஆலையில் விசாரித்தால், அதை இழுத்துப் பூட்டி ஒன்றரை வருஷமாகிறது என்றார்கள். எங்கள் கணக்குப்படி அங்கேயும் போன வியாழக்கிழமை பதினோரு பேர் கையை நீட்டியிருந்தார்கள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. பாதி வேலை முடிந்துவிட்டது. யார் இந்த எண்களை அடித்துத் தள்ளியது என்பதுதான் மிச்சம்.

"யார்னு எப்படிக் கண்டுபிடிக்கறது அண்ணி? பேரு ஊரு எதுவும் இதுல இல்லயே. போயிட்ட நர்ஸோட அடையாள எண்ணுதான் இருக்கு."

"அடிச்ச தேதி இருக்கா?"

இருந்தது. ஒவ்வொரு வரியின் கடைசியிலும், அது எந்த நாளில் பதிவானது என்று இயந்திரம் தானாகவே குறித்து வைத்திருந்தது. அதை அடிப்பவர் மாற்ற முடியாது. ஆனால் முப்பதாயிரம் வரியை யார் படிப்பது?

"படிக்காதே. வரைஞ்சு பாரு," என்றாள் அண்ணி.

அது அண்ணன் சொல்லும் வார்த்தை. எனக்கு இந்த வேலையைச் சொல்லிக் கொடுத்ததே அவன்தான். பத்து வருஷத்துக்கு முன்னால் சமையலறை மேஜையில் என்னை உட்கார வைத்து, எண்களை வரிசையாகப் படித்தால் தூக்கம்தான் வரும், புள்ளியாக வைத்துப் பார்த்தால் அதுவே வாயைத் திறக்கும் என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினான். நான் கணக்கில் மக்கு. அவன் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை.

குறுக்கே இரண்டு வருஷத்து நாட்கள். மையத்துக்கு ஒரு வரிசை. பதிவான ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. பஸ் குலுங்கக் குலுங்க வரைந்து முடித்து அண்ணியின் மடியில் வைத்தேன்.

நர்ஸின் வரிசை சிந்திய கடுகு மாதிரி இருந்தது. ஒரு நாள் முப்பது புள்ளி, ஒரு நாள் இரண்டு. ஞாயிற்றுக்கிழமையும் இருந்தது, ஆலைதான் ஞாயிறும் ஓடுமே. மற்ற இரண்டு வரிசைகளிலும், நர்ஸ்கள் இருந்த ஆரம்ப மாதங்களைக் கழித்தால், தினமும் பத்து, பன்னிரண்டு என்று சீராகப் போயிருந்தது. ஞாயிறு மட்டும் காலி.

"ஆலை ஓடற நாள்ல லீவு எடுத்திருக்கான். அப்போ ஆபீஸ்காரன்," என்றாள் அண்ணி. "நிலையத்துக்குள்ளயே உட்கார்ந்து அடிச்சிருக்கான்."

"ரெண்டு சென்டரையும் ஒரே ஆள்தான் அடிச்சிருக்கான் அண்ணி. இங்க பாருங்க." விரலால் காட்டினேன். இரண்டு வரிசைகளிலும் ஒரே இடத்தில் ஒரு வெள்ளைத் துண்டு விழுந்திருந்தது. ஞாயிறைவிட அகலம். "ரெண்டு ஊர்லயும் பேய்ங்க பேசி வெச்சுக்கிட்டு ஒரே நேரத்துல லீவு போட்டிருக்குங்க. ஒன்பது நாள். நடுவுல ரெண்டாவது சென்டர் பாட்டுக்கு நடந்துக்கிட்டு இருக்கு. இந்த ஒன்பது நாள் நிலையத்துல யாரு லீவுன்னு கேட்டா ஆள் சிக்கிட்டான். ரொம்ப சுலபம்."

"எந்தத் தேதி?"

"மார்ச் பதினொண்ணுலேர்ந்து பத்தொன்பது. போன வருஷம்."

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் இன்னும் ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். பேய்களுக்கு வருகைப் பதிவேடு வேண்டும் என்றோ என்னவோ.

"ரேடியோ."

வாயை மூடினேன்.

"என்னை எப்ப ஆஸ்பத்திரியில சேர்த்தீங்க?"

பத்தாம் தேதி சாயங்காலம். இருபதாம் தேதி காலையில் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். கூட ஒரே ஒரு ஆள்தான் தங்கலாம் என்றார்கள். அண்ணன் தங்கினான். ஒன்பது நாளும் அந்த இரும்பு நாற்காலியை விட்டு நகரவில்லை. நான்தான் மாற்றுச் சட்டை கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளுக்கு ஸ்பூனால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தான். பார்க்கிறவர்களிடமெல்லாம், புருஷன் என்றால் என் அண்ணன் மாதிரி இருக்க வேண்டும் என்று நான் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

"இல்ல அண்ணி," என்றேன். "அந்த வாரம் எத்தனையோ பேர் லீவு போட்டிருப்பாங்க. ஒரு ஓட்டைய வெச்சுக்கிட்டு அப்படிச் சொல்லக்கூடாது."

"நானும் அதத்தான் வேண்டிக்கறேன். உங்கப்பா போன தேதியப் பாரு."

பார்க்க மாட்டேன் என்றுதான் சொல்ல வந்தேன். ஆனால் கை தானாக நகர்ந்தது. ஆகஸ்ட் இருபத்து மூன்று. அன்றைக்கு அப்பா போனார். அண்ணன் ஐந்து நாள் வேலைக்குப் போகவில்லை. இரண்டு வரிசைகளிலும் இருபத்து மூன்றாம் தேதியிலிருந்து ஐந்து நாள் புள்ளியே இல்லை. நர்ஸின் வரிசையில் அந்த ஐந்து நாளும் புள்ளிகள் இருந்தன.

நான் வீடு மாறிய இரண்டு நாளையும் பார்த்தேன். அலமாரியைத் தோளில் சுமந்து மாடி ஏற்றிக் கொடுத்தவன் அவன். அந்த இரண்டு நாளும் வெள்ளை.

எங்கள் குடும்பத்து நல்லது கெட்டது எல்லாம் அவன் பொய்க்குள் பதிவாகியிருந்தது. எந்தெந்த நாளில் அவன் எங்களுக்காக ஓடிவந்தானோ அந்தந்த நாளில் மட்டும் அவன் பொய் அடிக்கவில்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது அவமானம். காலையில் அந்த நர்ஸ் அவனைத் தங்கமான மனுஷன் என்று சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்ததே, அதை நினைத்து அவமானம்.

அந்த வெள்ளைத் துண்டுகளின் மேல் 'ஆஸ்பத்திரி', 'அப்பா', 'வீடு மாற்றம்' என்று அடித்துச் சேமித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. நிலையத்துக்கு எதிரே இருந்த கடையில் வெறும் புள்ளிப்படத்தை மட்டும் அச்செடுத்துக்கொண்டோம்.

அண்ணனின் அறைக்குள் போனபோது மணி மூன்று பத்து. எங்களைப் பார்த்ததும் எழுந்து அண்ணிக்கு நாற்காலி இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை. படத்தை அவன் முன்னால் வைத்தாள்.

அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. படம் பார்க்கத் தெரிந்தவன்தானே. ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு அந்த ஒன்பது நாள் வெள்ளையில் விரலை வைத்தான்.

"நீ பிழைப்பியான்னே தெரியாம உட்கார்ந்திருந்தேன்," என்றான். "இதையெல்லாம் யோசிக்கற நிலையிலயா இருந்தேன்?"

"ஏங்க பண்ணீங்க?"

"முதல் சென்டர் பொண்ணு போனதும் வேற ஆள் கேட்டேன். ஒரு மாசத்துல தரேன்னாங்க. அதுவரைக்கும் ஒப்பேத்தலாம்னு கொஞ்சமா போட்டேன். ஆள் வரல. அடுத்து அந்த மூணாவது ஆலைய மூடினாங்க. மூணு சென்டர் இல்லன்னா ஆராய்ச்சியே கிடையாது. போட்டுக்கிட்டே போனேன். நடுவுல எங்க நிறுத்தறது, சொல்லு?"

"நாங்க அதைக் கேட்கல," என்றேன். "இட்டுக்கட்டினது நீ. அந்தம்மா தலையில ஏன் கட்டினே?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. "கடிதம் வந்துடுச்சு. யாராவது ஒருத்தர் பக்கம் கைய நீட்டணும். அவங்க படம்தான் கோணலா இருந்துச்சு. நெஜமாவே அவங்களும் கொஞ்சம் இட்டுக்கட்டியிருப்பாங்கன்னுதான் நெனச்சேன்."

"குழாயில கோடு எப்படி இருக்கும்னு ஒரு தடவை பார்த்திருந்தா நெனச்சிருக்க மாட்ட."

"என்ன கோடு?"

சொன்னேன். இரண்டு வருஷம் ஆயிரக்கணக்கான பேருக்கு ரத்த அழுத்தம் எழுதியவன், ஒரு தடவைகூட அந்தக் கருவியைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை.

"ராத்திரி ஷிப்ட்டால ஒண்ணும் ஆகாதுன்னு உங்க முதல் வருஷ முடிவு வந்துச்சே, அதை வெச்சு எத்தனை ஆலையில ஷிப்ட்டை நீட்டியிருக்காங்கன்னு தெரியுமா?" என்றாள் அண்ணி. குரல் உயரவே இல்லை. "அந்தம்மா கணக்குல அழுத்தம் ஏறுது. உங்க ரெண்டு பொய்யும் சேர்ந்து அதை அமுக்கிடுச்சு. காலையில போன்ல என்கிட்ட சிரிச்சுப் பேசினீங்க. பாவம்னு வேற சொன்னீங்க. என்னை என்னன்னு நெனச்சீங்க?"

அவன் முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. அவன் அழுது நான் பார்த்தது அப்பா போனபோது மட்டும்தான்.

"நானே சொல்லிடறேன்," என்றான் கடைசியில். "நீங்க ரெண்டு பேரும் உள்ள வரவேணாம். என் வாயாலயே சொல்லிடறேன். அந்த மரியாதையாவது எனக்குக் குடு. இந்தப் படத்த எடுத்துக்கறேன்."

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவன் என் அண்ணன். தவறு செய்தவன் தானாகவே ஒப்புக்கொள்கிறேன் என்கிறான். அதற்கு மேல் என்ன கேட்பது?

நான்கு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது படத்தோடு விசாரணை அறைக்குள் போனான். நாங்கள் எதிரே பெஞ்சில் நர்ஸுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். அவரிடம் எதுவும் சொல்லவில்லை. அவனே சொல்லட்டும் என்று விட்டுவிட்டோம். நான்கு பத்துக்கு நர்ஸை உள்ளே கூப்பிட்டார்கள். பத்து நிமிஷத்தில் வெளியே வந்தார். முகம் முழுக்கக் கண்ணீர், ஆனால் சிரிக்கிறார்.

"என்மேல தப்பு இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்க மேடம். சாரே எல்லார் முன்னாடியும் என்கிட்ட மன்னிப்புக் கேட்டார்."

அண்ணி கண்ணை மூடித் திறந்தாள். "எல்லாத்தையும் சொல்லிட்டாரா?"

"சொல்லிட்டார் மேடம். விடிய விடிய உட்கார்ந்து அவரே புதுசா ஒரு புள்ளிப்படம் போட்டுக் கண்டுபிடிச்சாராம். முதல் சென்டர் பொண்ணும் மூணாவது சென்டர் பொண்ணும் வேலையை விட்டுப் போன பிறகும், கூட்டா சேர்ந்துக்கிட்டு வீட்டுலேர்ந்தே இஷ்டத்துக்கு நம்பர் அடிச்சாங்களாம். அவங்க மேல நடவடிக்கை எடுக்கப் போறாங்க. தலைவர் சாரைப் பாராட்டினார்."

நாங்கள் கொடுத்த படம். பஸ்ஸில் என் மடியில் வைத்து வரைந்த படம். அதை வைத்தே இன்னும் இரண்டு பேர் தலையில் கட்டிவிட்டு வந்திருக்கிறான். என் முன்னால் அழுதானே, அது நிஜமான அழுகைதான். அழுதுகொண்டே இதை யோசித்திருக்கிறான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நர்ஸின் சிரிப்பு மெல்ல நின்றது. "ஆனா மேடம், அந்த முதல் சென்டர் பொண்ணை எனக்குத் தெரியும். பயிற்சியில ஒண்ணா இருந்தோம். அது அப்படிப் பண்ற பொண்ணு இல்ல. வெளிநாட்டுல கைக்குழந்தையோட இருக்கு. அதுக்கு யாரு வந்து பேசுவா?"

எங்களிடம் வந்தவரின் வேலை முடிந்துவிட்டது. அவர் பெயர் சுத்தமாகிவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று பேரும் வீட்டுக்குப் போகலாம். இன்றைக்கு ராத்திரி அண்ணன் வீட்டுக்கு வருவான். அண்ணி சாப்பாட்டில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பான். யாருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை.

அண்ணி எழுந்தாள். கதவு வரைக்கும் போனாள். கைப்பிடியில் கை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். எத்தனையோ கதவுகளை அவள் திறந்து நான் பார்த்திருக்கிறேன். இதைத் திறக்க அவளால் முடியவில்லை. அவள் தாலி கட்டிக்கொண்டவன் உள்ளே இருந்தான்.

மடிக்கணினியை எடுத்துக்கொண்டு அவளை மெதுவாக விலக்கினேன். கதவைத் தள்ளினேன்.

நீள மேஜையில் ஐந்து பேர். அண்ணன் ஓரத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கோப்பையைக் கீழே வைத்தான். வேண்டாம் என்று சின்னதாகத் தலையை அசைத்தான். நான் மடிக்கணினியைத் திறந்து தலைவர் பக்கம் திருப்பி வைத்தேன். 'ஆஸ்பத்திரி', 'அப்பா', 'வீடு மாற்றம்' என்று எழுதிய படம் திரையில் வந்தது.

தலைவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "விசாரணை முடிஞ்சு போச்சே. அந்தப் பொண்ணுங்களுக்கு வேண்டியவங்களா? யாரும்மா நீங்க?"

"அவங்களை எனக்குத் தெரியாது சார்," என்றேன். "நான் இவரோட கூடப் பிறந்த தங்கச்சி. மொதல்ல அதை எழுதிக்கோங்க."